ஜப்பானுக்குப் பயிற்சி வேலை: கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைத் தாயார் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் அத்துடன் இணைத்திருந்த ஆஃபர் லெட்டர் நகலும் கிடைத்தன. ஐ.டி.ஐ.யில் டர்னர் (லேத்தில் உலோகம் கடையும் வேலை) பிரிவு முடித்த தங்கள் மகனை மூன்றாண்டுப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புவதாகக் கோவையில் உள்ள ஒரு கன்சல்டன்சி சொல்வதையும், அதற்கு நாலரை லட்சம் ரூபாய் கேட்பதையும், இருபத்தைந்தாயிரம் ரூபாய் முன்பணமும் பாஸ்போர்ட் அசலும் ஏற்கெனவே கைமாறிவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். மீதிக்கு நகையை அடகு வைத்து, போதாததற்குத் தென்னந்தோப்பின் பேரில் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கலாமா என்பது தங்கள் கேள்வி. வாங்க வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தம்பியும் உடன் உட்கார்ந்து படிக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஜப்பானின் தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டம் பொய்யல்ல. 1993 முதல் நடந்துவருகிறது. 2017 அக்டோபரில் இந்திய அரசும் ஜப்பான் அரசும் இதற்கென ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியத் தரப்பில் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் இதைக் கவனிக்கிறது. ஆனால் திட்டம் உண்மையானது என்பதாலேயே அதன் பெயரைச் சொல்லி வாசலுக்கு வருபவரும் உண்மையானவர் ஆகிவிட மாட்டார். அவர் உண்மையானவராகவே இருந்தாலும், போன இடத்தில் பையனுக்கு ஒரு குறையும் நேராது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. அந்த நாடே தன் திட்டத்தில் நடந்த கொடுமைகளைக் கண்டு, சட்டத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டிவந்தது என்பதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை.

வளரும் நாடுகளின் இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து அனுப்புவது காகிதத்தில் இருந்த நோக்கம். நடந்தது என்னவென்றால், உள்ளூரில் ஆள் கிடைக்காத சிறு பட்டறைகளும் பண்ணைகளும் மீன் பதப்படுத்தும் கூடங்களும் தையல் ஆலைகளும் குறைந்த செலவில் ஆள் பிடிக்கும் வழியாக அது மாறியது. தொடக்க காலத்தில் முதல் ஆண்டு முழுவதும் அவர்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை. ஆகவே குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. இது நமக்குப் புதிதல்ல. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸாகச் சேரும் பையனும் நம் நாட்டு 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளன்தான், தொழிலாளி அல்லன். அவனுக்குக் கிடைப்பது உதவித்தொகை, சம்பளம் அல்ல. அந்தப் பழக்கத்தில், ஜப்பானிலும் அப்படித்தான் போலும் என்று தாங்கள் நினைத்தால் வியப்பில்லை. ஆனால் 2010 ஜூலை முதல் அங்கே நிலை வேறு. போய்ச் சேர்ந்ததும் நடக்கும் ஓரிரு மாத வகுப்புக் காலத்துக்கு மட்டும் உதவித்தொகை. அது முடிந்து பட்டறையில் கால் வைத்த நாள் முதல் அவன் ஜப்பானியத் தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளி. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் உழைத்தால் 25 விழுக்காடு கூடுதல் கூலி, இரவு பத்து மணிக்கு மேல் என்றால் அதற்குத் தனியாக இன்னொரு 25 விழுக்காடு, வாராந்தர விடுமுறையில் 35 விழுக்காடு. அதே வேலையைச் செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பதும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்படும் பயிற்சித் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது பார்க்கப்படும் நிபந்தனை.

சட்டம் இருந்தும் கண்காணிக்க ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த சில ஆண்டுகளே சாட்சி. பயிற்சி தரும் நிறுவனங்களுக்குப் போய்ப் பார்த்துவந்த அமைப்பு ஓர் அறக்கட்டளையாக இருந்தது. ஆலோசனை சொல்லலாமே தவிர, கட்டாயப்படுத்தும் சட்ட அதிகாரம் அதற்குக் கிடையாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, வெளியே போக விடாமல் தடுப்பது, பாதியில் போனால் அபராதம் என்று எழுதி வாங்குவது, கூடுதல் நேர வேலைக்குச் சொற்பக் காசு கொடுப்பது என்று புகார்கள் குவிந்தன. இதையெல்லாம் ஒட்டித்தான் 2016 நவம்பரில் ஜப்பான் தனிச் சட்டம் இயற்றி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓடிஐடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பயிற்சி அமைப்பு அந்தச் சட்டத்தின் கீழ் உருவானது. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் எந்த வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று எழுதிய பயிற்சித் திட்டத்தை அது ஆராய்ந்து ஏற்ற பிறகே விசா நடவடிக்கை தொடங்கும். பயிற்சியாளரின் விருப்பத்துக்கு மாறாகப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டால் ஆறு மாதம் வரை சிறை. மிரட்டியோ அடித்தோ வேலை வாங்கினால் பத்து ஆண்டு வரை சிறை.

பயிற்சித் திட்டத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2018-இல் ஒரு செய்தி வெளிவந்தது. கட்டுமானப் பயிற்சி என்று அழைத்துப்போன வியட்நாம் இளைஞர்களை ஒரு நிறுவனம் ஃபுகுஷிமா அணுஉலை விபத்துப் பகுதியில் கதிர்வீச்சுத் துப்புரவு வேலையில் இறக்கியிருந்தது. அனுமதி பெற்ற திட்டத்தில் அந்த வேலை இல்லை என்பதுதான் நடவடிக்கைக்கு வழி செய்தது. எனவே தம்பி கையில் அவனுடைய பயிற்சித் திட்டத்தின் நகல், அவனுக்குப் புரியும் மொழியில், கட்டாயம் இருக்க வேண்டும். லேத்தில் நிற்கப் போனவனை லாரியில் மூட்டை ஏற்றச் சொன்னால் காட்டுவதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

இந்தக் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்பதையும், எங்கே ஓட்டை இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறு நிறுவனங்கள் நேரடியாக ஆள் எடுப்பதில்லை. மேற்பார்வை அமைப்பு என்ற உரிமம் பெற்ற, லாப நோக்கமற்ற ஓர் இடைச்சங்கம் மூலமாக எடுக்கின்றன. அந்தச் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பட்டறையைத் தணிக்கை செய்ய வேண்டும். முதல் ஆண்டில் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அரசு அமைப்பான ஓடிஐடி சங்கத்தை ஆண்டுக்கு ஒருமுறையும், பட்டறையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் நேரில் ஆய்வு செய்வது திட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று ஆண்டு தங்கும் தம்பி ஓடிஐடி அதிகாரியின் முகத்தை ஒரே ஒரு முறை பார்க்கலாம். மாதந்தோறும் வருபவர் சங்கத்துக்காரர். அந்தச் சங்கம் நடப்பதோ உறுப்பு நிறுவனங்கள் கட்டும் மேற்பார்வைக் கட்டணத்தில். தணிக்கைக்கு ஆளாகிறவரே தணிக்கைக்காரருக்குப் படியளக்கும் ஏற்பாடு இது. நேர்மையான சங்கங்கள் நிறைய உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஜப்பானிலேயே பலமுறை பேசப்பட்டதுதான். பயிற்சியாளர்கள் உள்ள பணியிடங்களில் தொழிலாளர் தர ஆய்வு அலுவலகங்கள் 2023-இல் நடத்திய ஆய்வுகளில் பத்துக்கு ஏழுக்கும் மேற்பட்ட இடங்களில் ஏதோ ஒரு விதிமீறல் இருந்தது. இயந்திரங்களின் பாதுகாப்பும் கூடுதல் நேரக் கூலியும் அந்த மீறல்களில் முன் நிற்பவை. டர்னர் வேலைக்குப் போகிற பையனின் தாய் என்ற முறையில் முதலாவது தங்களுக்கு முக்கியம். ஆய்வுக்குப் போகும் இடங்கள் பெரும்பாலும் புகாரோ சந்தேகமோ உள்ளவை என்பதால், எல்லாப் பட்டறையும் அப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பெரும்பாலும் ஒரு புகார் போனால்தான் அதிகாரி வருகிறார் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் வேண்டாம் என்று நான் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அரசு எத்தனை அலுவலகம் திறந்தாலும், வாய் திறந்து புகார் சொல்லக்கூடிய நிலையில் உள்ளவனுக்குத்தான் அது உதவும். தோப்பின் பத்திரம் வங்கியில் இருக்கிறது, அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது, மாதம் பிறந்தால் வட்டி என்று தெரிந்த பையன், ஃபோர்மேன் கை ஓங்கினாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பான். புகார் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள்; கடனோடு திரும்பி வர அவனுக்கு மனம் வராது. ஜப்பான் குடியேற்ற நிர்வாகம் 2022-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பயிற்சியாளர்கள் வருவதற்கு முன் சொந்த நாட்டில் ஆள் அனுப்பும் அமைப்புகளுக்கும் இடைத்தரகர்களுக்கும் கட்டிய மொத்தத் தொகை சராசரியாக 5,40,000 யென்னுக்கு மேல். பாதிக்கு மேற்பட்டோர் கடன் வாங்கிக் கட்டியவர்கள். இந்தத் திட்டத்தில் நினைத்தபடி வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது. வன்முறை, சட்டமீறல் போன்ற தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் அனுமதி உண்டு. கடனும் விட முடியாது, வேலையும் மாற முடியாது என்றான பின் ஓடிப்போகிறார்கள். 2023-இல் மட்டும் அப்படிக் காணாமல் போன பயிற்சியாளர்கள் 9,753 பேர். ஓடியவனுக்கு விசாவும் போய், அதோடு சேர்ந்து அதுவரை இருந்த சட்டப் பாதுகாப்பின் பெரும்பகுதியும் கைக்கெட்டாமல் போய்விடுகிறது.

இனி, தாங்கள் அனுப்பிய தாள்களுக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் ஒரு சிவப்பு முத்திரை இருக்கிறது. நகலின் நகல் என்பதால் அது மங்கிக் கறுத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் உண்டு, முகவரி இல்லை. மேற்பார்வை அமைப்பின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. வேலை என்ற இடத்தில் ‘தொழிற்சாலைப் பணிகள்’ என்று மட்டும் உள்ளது. டர்னர் என்றோ இயந்திரச் செதுக்கு வேலை என்றோ ஒரு சொல் கிடையாது. சம்பளம் என்று இருக்க வேண்டிய கட்டத்தில் ‘பயிற்சிக்கால உதவித்தொகை மாதம் ரூபாய் ஒன்றரை லட்சம்’ என்று அடித்திருக்கிறார்கள். ஜப்பானில் எந்த முதலாளியும் ரூபாயில் ஒப்பந்தம் போடுவதில்லை. கடைசிப் பக்கத்தில், பாதியில் திரும்பினால் மூன்று லட்சம் ரூபாய் ஈடு கட்டுவதாகத் தம்பி ஒப்புக்கொள்ளும் வரி இருக்கிறது. இப்படி அபராதமோ ஈட்டுத்தொகையோ முன்கூட்டியே எழுதி வாங்குவதை அந்த நாட்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. இந்த ஒரு வரி போதும், தாளைத் திருப்பிக் கொடுக்க.

அந்த ஒன்றரை லட்சத்தையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். ஜப்பானில் குறைந்தபட்சக் கூலி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும்; 2025ஆம் ஆண்டுக்கான நிர்ணயத்தில்தான் முதன்முறையாக எல்லா மாகாணத்திலும் மணிக்கு 1,000 யென்னைத் தாண்டியது. மணிக்கு 1,050 யென் என்று வைத்து, நாளுக்கு 8 மணி, மாதம் 21 நாள் என்றால் 1,76,400 யென். யென்னுக்கு 55 முதல் 60 காசு என்ற கணக்கில் அது ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வரும். அதிலிருந்து வருமான வரி, ஓய்வூதியப் பங்கு, மருத்துவக் காப்பீடு, விடுதி வாடகை, மின்சாரம் ஆகியவை பிடித்தம் போக, கையில் நிற்பது முக்கால் பங்குக்கும் குறைவு. சாப்பாடு அதற்கு மேல். ஓய்வூதியத்துக்குப் பிடித்த தொகையில் ஒரு பகுதியை, ஜப்பானை விட்டு வந்த இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் மொத்தமாகத் திரும்பப் பெறலாம் என்பதை மட்டும் தம்பி குறித்து வைத்துக்கொள்ளட்டும். தெரியாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு.

நம் பக்கத்துக் கண்காணிப்பு எளிமையானது, ஆனால் யாரும் பயன்படுத்துவதில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வெளியுறவு அமைச்சகத்தின் கீழுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்புத் தலைமை அலுவலரிடம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் மாநில வாரியாகக் கிடைக்கும். அவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் மட்டுமே, அதற்கும் ரசீது தர வேண்டும். ‘மெயின் ஆபீஸ் கோவையில், இங்கே கொழிஞ்சாம்பாறைக்கு நான் சப்-ஏஜென்ட்’ என்று ஒருவர் சொன்னால், சப்-ஏஜென்ட் என்ற ஏற்பாட்டுக்கே சட்டத்தில் இடமில்லை. பயிற்சியாளர் திட்டத்துக்கு இன்னொரு படியும் உண்டு: இந்தியத் தரப்பு ஒப்புதல் பெற்ற அனுப்பும் அமைப்புகளின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும், ஓடிஐடி தன் இணையதளத்தில் நாடு வாரியாக அந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. தங்கள் தாள்களில் உரிம எண் என்று ஒரு வரிகூட இல்லை. பதிவில்லாமல் ஆள் சேர்த்தால் அந்தச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் என்று இருக்கிறது. நாலரை லட்சம் வாங்குகிறவரை இந்த 2,000 ரூபாய் பயமுறுத்துமா என்று தாங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான், பின்னால் தண்டிப்பதை நம்பாமல் முன்னால் சரிபார்க்கச் சொல்கிறேன்.

எல்லையில் வாழ்கிற நமக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடம் உண்டு. ரேஷன் கார்டு கேரளத்தில், கல்லூரியும் மருத்துவமனையும் ஏஜென்ட் அலுவலகமும் கோவையில் அல்லது பொள்ளாச்சியில். இங்கே போனால் அங்கே போங்கள் என்பார்கள், அங்கே போனால் வாளையாறு தாண்டி வந்தவர்களா என்பார்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பேச்சு வழக்கில் சொல்வது அதைத்தான். ஆகவே நம் ஊர்க் காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். கேரளத்தில் வசிப்பவர் என்ற முறையில், வெளிநாடு செல்வோருக்கான கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் தங்களுக்கு உதவக் கடமைப்பட்டது. கேரள அரசின் ஒடெப்பெக் நிறுவனமும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறது. தமிழ்வழியில் படித்தவன் என்பதால் இந்த அலுவலகங்களில் மலையாளத்தில் பேசத் தம்பி தயங்குவான். எழுத்து மனுவை ஆங்கிலத்தில் நான் எழுதித் தருகிறேன்.

‘2027-க்குள் போனால்தான் உண்டு, அதற்குப் பிறகு திட்டமே மூடிவிடும்’ என்று அவர்கள் அவசரப்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. 2024 ஜூனில் ஜப்பான் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, 2027 ஏப்ரல் முதல் பயிற்சியாளர் திட்டத்தின் இடத்தில் திறன் வளர்ப்பு வேலைத் திட்டம் வருகிறது. அதில் ஓரிரு ஆண்டு வேலை செய்து, மொழித் தேர்விலும் திறன் தேர்விலும் தேறினால், அதே துறையில் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ள உரிமை உண்டு. அனுப்பும் அமைப்புக்குத் தொழிலாளி கட்டும் தொகை இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் வருகிறது. ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளிலிருந்தே ஆள் எடுப்பது அதன் கொள்கை என்பதால், அப்போது இந்தியாவின் நிலை என்ன என்பதை அரசு அறிவிப்பில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எப்படியானாலும், பையனுக்கு நல்லதாக மாறப்போகும் ஒன்றுக்கு முன்னால் முண்டியடித்துப் பழையதில் நுழைய வேண்டிய அவசரம் என்ன என்று எனக்குப் புரியவில்லை. அவசரம் ஏஜென்ட்டுக்குத்தான்.

என் கருத்தில் தம்பிக்கு இதைவிட நல்ல பாதை ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் ஜப்பானில் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் என்ற தனி விசா இருக்கிறது; இதற்கும் 2021 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துள்ளன. துறைக்குரிய திறன் தேர்விலும், என்4 நிலை (கீழிருந்து இரண்டாம் படி) ஜப்பானிய மொழித் தேர்வு அல்லது அதற்கு இணையான அடிப்படைத் தேர்விலும் தேறியவன், தொழிலாளியாகவே போகலாம். அதே துறைக்குள் முதலாளியையும் மாற்றிக்கொள்ளலாம். கஷ்டம் மொழிதான். கடன் வாங்க நினைத்த தொகையில் ஒரு சிறு பங்கை மொழி வகுப்புக்குச் செலவிட்டு, பகலில் கஞ்சிக்கோட்டிலோ கோவையிலோ ஒரு பட்டறையில் சிஎன்சி (கணினியால் இயக்கும் இயந்திர) வேலை கற்றுக்கொண்டிருந்தால், ஜப்பான் கிடைக்காமல் போனாலும் படித்தது வீணாகாது. மொழிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஓடிஐடியின் தாய்மொழி ஆலோசனைச் சேவையில் வியட்நாம், சீனம், இந்தோனேசியம், ஆங்கிலம் முதலியவை உண்டு. தமிழோ மலையாளமோ கிடையாது. ஆபத்தில் தொலைபேசி எடுக்கும் பையனுக்கு, நடந்ததை ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ பத்து வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மேற்கொண்டு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையோ ஐ.டி.ஐ. சான்றையோ அசலாகக் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் உடைமை. அதை ஒரு கன்சல்டன்சி தன் அலமாரியில் பூட்டி வைக்க எந்த உரிமையும் இல்லை. பாஸ்போர்ட்டையும் முன்பணத்தையும் இத்தனாம் தேதிக்குள் திருப்பித் தருமாறு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன். ஜிபேயில் அனுப்பிய பணத்துக்கான ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் குரல் பதிவுகள், அந்த ஆஃபர் லெட்டர் ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். அழைத்துவந்தவர் தங்கள் மைத்துனருக்கு வேண்டியவர் என்பதால் வீட்டில் பேச்சு வரும். கடிதத்தில் யாரையும் குற்றம் சாட்டாமல், உரிம எண் என்ன, மேற்பார்வை அமைப்பின் பெயர் என்ன, பயிற்சித் திட்ட நகல் எங்கே என்ற மூன்றை மட்டும் கேட்டால் சண்டைக்கு இடமிருக்காது. உண்மையான அமைப்பு என்றால் ஒரு வாரத்தில் பதில் வரும். நாமும் சரிபார்த்துவிட்டு, கட்டணத்தைச் சட்ட வரம்புக்குள் பேசலாம். பதில் வராவிட்டால் வெளியுறவு அமைச்சகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவை 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து, இ-மைக்ரேட்டிலும் புகாரைப் பதிவு செய்துவிட்டு, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகலாம். தபால் ஒப்புகை கைக்கு வந்ததும் தம்பியை எல்லாத் தாள்களுடனும் என்னிடம் அனுப்புங்கள்.